அம்பிகையின் ஞாயிற்றுக்கிழமைகள்

ஈப்போ பழைய டவுனில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் அந்தத் தமிழ் நாளிதழின் கிளை அலுவலகம் இருந்தது. மூன்று மேசை, ஒரு டெலிபோன், தேய்ந்துபோன ஒரு தட்டச்சு இயந்திரம். 1974-ஆம் ஆண்டு அம்பிகை அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. பேராக் மாநிலத்துத் தோட்டங்களிலிருந்து நிருபர்கள் அனுப்பும் செய்திகளைத் திருத்தி எழுதி, சாயங்கால ரயிலில் கோலாலம்பூர் தலைமையகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். அதுதான் அவள் வேலை.

நிருபர்கள் என்றால் சம்பளக்காரர்கள் இல்லை. தோட்டத்துப் பள்ளி ஆசிரியர், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர், எழுத்தில் ஆசையுள்ள இளைஞர் யாராவது. அவர்கள் எழுதும் திருவிழாச் செய்தியெல்லாம் ஒரே அச்சு. 'மேற்படி தோட்டத்து மாரியம்மன் ஆலயத் தீமிதித் திருவிழா வெகு விமரிசையாக நடந்தேறியது.' தோட்டத்தின் பெயர் மாறும், தலைவர் பெயர் மாறும், மற்றதெல்லாம் அப்படியே. ஆறு மாதம் அதையே திருத்தித் திருத்தி ஒரு நாள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சார், வெகு விமரிசைன்னா எப்படி சார் இருக்கும்?" என்று கிளைப் பொறுப்பாளர் கார்த்திகேசுவைக் கேட்டாள்.

"நெறைய கூட்டம்னு அர்த்தம்லா."

"நீங்க போய்ப் பார்த்திருக்கீங்களா?"

"எனக்கு எங்கம்மா நேரம்?" என்றார் அவர், டெலிபோனை எடுத்தபடியே.

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. அம்பிகை யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா துரைசிங்கம் ரயில்வேயில் கிளார்க். அம்மா அவள் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தோட்டம் என்பது ரயில் ஜன்னலில் வரிசை வரிசையாய் ஓடும் ரப்பர்ப் பால்மரம், அவ்வளவுதான். தினமும் ஐம்பது தோட்டத்துப் பெயரை எழுதுகிறாள், ஒன்றில்கூடக் கால் வைத்ததில்லை.

ஆ லோய் என்பவரின் ஸ்டூடியோவில் பழைய ஜப்பான் கேமரா ஒன்று கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது. தோல் உறை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டபோது துரைசிங்கம் பேப்பரைத் தாழ்த்தினார்.

"கோயிலுக்குப் போறதை விட்டிட்டு எங்கை போறாய், பிள்ளை?"

"கோயிலுக்குத்தான் அப்பா. தோட்டத்துக் கோயிலுக்கு."

"அங்கை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. அதுதான் போறன்."

செம்மோர் தாண்டி ஒன்பதாங்கட்டைத் தோட்டம். வெள்ளைக்காரன் வைத்த கம்பெனிப் பெயர் பலகையில் இருந்தது. ஆனால் ஒன்பதாவது மைல்கல் பக்கத்தில் இருந்ததால் சனங்களுக்கு அது ஒன்பதாங்கட்டைதான். பஸ் அவளை மெயின்ரோட்டில் இறக்கிவிட, செம்மண் பாதையில் மேளச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். கோயில் வாசலில் தலைப்பாகையோடு நின்ற மாயாண்டி, கோயில் தலைவர், அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரும்மா நீ? கிராணி வீட்டுப் பொண்ணா?"

ஆபீஸ் கிராணியும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். சேலை கட்டும் விதத்திலேயே அம்பிகையும் அந்த ஊர்க்காரி என்று மாயாண்டி கண்டுபிடித்துவிட்டார். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர், சம்பளத்தில் பிடிப்பவர். அவர் வீட்டு ஆட்களைக் கண்டால் லயத்து வரிசைவீட்டுச் சனங்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

"இல்லண்ணே, பேப்பர்ல இருந்து வாரேன்."

"பேப்பர்ல பொம்பளயெல்லாம் இருக்காங்களா?"

பக்கத்தில் மஞ்சள் சேலை ஈரம் சொட்டச் சொட்ட ஒருத்தி நின்றாள். தீ மிதிக்கக் காப்புக் கட்டியிருந்த ராக்காயி. மரம் வெட்டிப் பால் எடுக்கிறவள், அம்பிகையைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள்.

"வரட்டும் விடுங்கண்ணே," என்றாள். "ஆம்பள வந்தா மட்டும் என்ன செஞ்சாங்க? தொரைக்கு மாலை போடுறத போட்டா புடிச்சிட்டுப் போயிட்டாங்க. இந்தப் பொண்ணாச்சும் நம்மளப் புடிக்கட்டும்."

அன்றைக்கு அம்பிகை கண்டது ஒன்றும் எந்தச் செய்தியிலும் இல்லாதது. குழிக்குள் நெருப்பு காற்றுக்கு மூச்சுவிட்டது. பூக்கரகம் முன்னே போக, ராக்காயி கண்ணை அகல விரித்துக்கொண்டு நேரே நடந்தாள். அக்கரையில் பால்குழிக்குள் கால் வைத்ததும் யாரோ ஒரு கிழவர் குழந்தை மாதிரி அழுதார். சாப்பாடு முடிந்ததும் அவள் கேட்காமலேயே சனங்கள் வரிசையில் வந்து நின்றார்கள். கல்யாணச் சேலை, பெட்டியில் கிடந்த கோட்டு, ஒருவர் கையில் ஓடாத கடிகாரம். மாயாண்டி மீசையை முறுக்கிக்கொண்டு இரண்டு தடவை நின்றார். அடுத்த வாரம் எல்லாருக்கும் பிரிண்ட் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை மதியம் ஆ லோய் இருட்டறையிலிருந்து வெளியே வந்து கழுவிய பிலிமை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"கோசோங்," என்றார். மலாயில் காலி என்று அர்த்தம்.

கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு முகம் இல்லை. பிலிம் பல்லில் சரியாக மாட்டவில்லை. அவள் அழுத்திய அழுத்தமெல்லாம் சும்மா சத்தம்தான். போகாமல் இருந்துவிடலாமா என்று ஒரு வாரம் முழுக்க யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அப்பாவிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

லயத்துக்கு முன்னால் எல்லாரும் கூடிவிட்டார்கள். கையில் கவர் இல்லாததைப் பார்த்ததுமே முகங்கள் மாறின. நடந்ததை அவள் அப்படியே சொன்னாள். ஒரு படமும் விழவில்லை, தப்பு தன்னுடையதுதான் என்றாள்.

மாயாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "மாப்பிள்ளை கணக்கா நின்னேனேம்மா! ரெண்டு தடவ நின்னேன்!"

திடீரென்று ராக்காயிதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நல்ல வேளைலா! போட்டாவுக்காகத் திரும்பத் தீ மிதின்னு சொல்லாம விட்டுச்சே இந்தப் பொண்ணு!"

கூட்டமே சிரித்தது. மாயாண்டியும் அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். "போங்க, போய் உடுத்திட்டு வாங்க எல்லாரும்," என்று ராக்காயி விரட்ட, ஒன்றுமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒன்பதாங்கட்டைத் தோட்டம் முழுவதும் மறுபடியும் சிங்காரித்துக்கொண்டது. பட்டுச் சேலையோடு ஒருத்தி கோழியை விரட்டினாள். கோட்டுப் போட்டவர் கோட்டுக்குக் கீழே கைலியோடு வந்து நின்றார். போன வாரம் கட்டையாய் நின்றவர்கள் இந்த வாரம் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டு, தோளில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். அம்பிகை இந்தத் தடவை பிலிம் சுருள் சுற்றுகிறதா என்று ஒவ்வொரு படத்துக்கும் பார்த்துப் பார்த்து எடுத்தாள்.

அந்தச் சுருள் முழுவதும் விழுந்தது. ஆ லோய் பிரிண்டுகளை மேசையில் பரப்பிவைத்துவிட்டு வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் காட்டினார். தோட்டத்தில் ராக்காயி தன் படத்தை ஒரு கை தள்ளிவைத்துப் பார்த்தாள். அடையாள அட்டைக்கு எடுத்ததுக்குப் பிறகு அவள் பார்க்கும் முதல் படம்.

"எனக்கு இம்புட்டுப் பெரிய நெத்தியா?" என்றாள். பிறகு மெதுவாக, "நல்லாத்தான் இருக்கேன்," என்றாள்.

அதற்கப்புறம் அம்பிகையின் ஞாயிற்றுக்கிழமையை யாராலும் பிடிக்க முடியவில்லை. பாகான் டத்தோவுக்குப் போனாள். தென்னந்தோட்டத்து விளையாட்டுப் போட்டியில் பெண்கள் தேங்காய் உரிக்கும் வேகத்தில் அவள் எடுத்த படங்களில் பாதிப் பேருக்குக் கையே இல்லை, வெறும் மங்கல்தான். லூமுட்டில் படகுப் போட்டி பார்க்க முன்னால் போய்ப் படகுத்துறைப் படிக்கட்டில் வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றாள், கேமராவை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. தஞ்சோங் ரம்புத்தானில் ஒரு கல்யாணத்துக்குப் போக டிக்கெட் கேட்டபோது, கண்டக்டர், "போக மட்டுமா, திரும்பி வரவுமா?" என்று கேட்டுப் பஸ்ஸையே சிரிக்கவைத்தான். மனநல ஆஸ்பத்திரி அந்த ஊரில் இருப்பதால் வந்த பழைய கேலி. அம்பிகை அசராமல், "வரவும்தான். உங்களப் படம் புடிக்கணும்ல," என்று அவனையே ஒரு படம் எடுத்தாள். அடுத்த மாதம் அதே பஸ்ஸில் படத்தைக் கொடுத்தாள். அவன் அதைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டான்.

போகப் போக அவள் கண் பழகியது. தைப்பூசத்தில் கல்லுமலைக் கோயிலில் எல்லாரும் காவடி வரும்போது எடுப்பார்கள். அம்பிகை அது முடியும்வரை காத்திருப்பாள். அலகை எடுத்த பிறகு, தகப்பன் மடியில் தலை வைத்து ஆரஞ்சுத் தண்ணீர் குடிக்கும் பையனை எடுப்பாள். கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கே எடுத்தாலும் பிரிண்ட் போட்டு உரியவர் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். அது மட்டும் தவறவே தவறாது.

பத்திரிகையில் ஒன்றும் வரவில்லை. கார்த்திகேசுவிடம் எத்தனையோ தடவை காட்டினாள். அவர் கெட்டவர் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்து, "அழகா இருக்கும்மா," என்பார். பிறகு, "இதுல பேர் உள்ளவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்பார்.

"எல்லாருக்கும் பேர் இருக்கு சார்."

"அது சரிலா. கே.எல். தலைமையகத்துல கேக்குறாங்களே, நான் என்ன செய்யட்டும்?"

1978-இல் தைப்பிங்கிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சர்வேயர், குடும்பம் நல்ல குடும்பம். எல்லாம் பேசி முடியும் நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா சுவரில் இருந்த படங்களைப் பார்த்துவிட்டு, "கலியாணத்துக்குப் பிறகு உந்தக் கமராவை விட்டிடுவாதானே?" என்று கேட்டார்.

அம்பிகை வாயைத் திறப்பதற்குள் துரைசிங்கம் பேசினார். நான்கு வருஷமாய் ஞாயிற்றுக்கிழமைதோறும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அதே மனிதர்.

"ஏன் விடவேணும்?"

"இல்லை, பொம்பிளைப் பிள்ளை தனிய ஊர் ஊராய்..."

"நாலு வரியமாய்ப் போறாள். பத்திரமாய் வந்து சேருறாள். நீங்கள் தேத்தண்ணி குடியுங்கோ."

அவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள், பிறகு வரவில்லை. அம்பிகை வாசல் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, அப்பா எதுவும் நடக்காத மாதிரி பேப்பரை விரித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அன்றைக்கு ஒரு பெரிய கல் இறங்கியது போல் இருந்தது. மறுநாள் காலை அவர், "வாற ஞாயிறு எங்கை?" என்று மட்டும் கேட்டார்.

எண்பத்திரண்டில் ஒன்பதாங்கட்டைத் தோட்டம் கைமாறியது. புது முதலாளி பால்மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்ப்பனை போட்டார். வேலைக்கு ஆள் குறைந்தது. குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. அம்பிகை அந்த நாட்களில் ஒரு ஞாயிறும் தவறாமல் போனாள். லோரியில் ஏறிய கட்டில், அதன்மேல் உட்கார்ந்த ஆயா, சாமான் மூட்டைக்கு நடுவே பத்திரமாய்ச் சட்டம் போட்ட ஒரு புகைப்படம். அது அவள் எடுத்ததுதான். ராக்காயியின் மகள் காளியம்மாவுக்கு ஈப்போவில் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் ராக்காயியும் டவுனுக்கு வந்தாள். ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை. "பால் வாசனை போயி இப்ப சவுக்காரம் வாசனைலா," என்பாள்.

எண்பத்தைந்து ஆரம்பத்தில் ஒரு நாள் ராக்காயி மூச்சிரைக்கச் சைக்கிள் கடைப் படி ஏறி அலுவலகத்துக்கு வந்தாள்.

"அம்பிகை, ஒன்னு கேக்கணும். என் போட்டா என்கிட்ட இருக்கு. மாயாண்டி அண்ணன் போட்டா சித்தியவான்ல அவரு மகன் வீட்டுல இருக்கு. பக்கத்து வீட்டு மங்களத்துது மெங்லெம்புல இருக்கு. ஆளுக்கொரு பக்கமா செதறிட்டோம். எல்லாத்தையும் ஒரே எடத்துல வச்சுப் பார்க்க முடியாதா?"

பத்து வருஷத்து நெகட்டிவ் முழுவதும் வீட்டில் பிஸ்கட் டின்களில் இருந்தது. அதை எடுத்து எல்லாருக்கும் காட்டலாம் என்று தனக்கே ஏன் தோன்றவில்லை என்று அம்பிகை வியந்துகொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் கார்த்திகேசு பேனாவை மூடினார்.

"சங்க மண்டபம் நான் பேசித் தாரேன்," என்றார். "ஆனா ஒன்னு, திறந்து வைக்க சுல்தான்கிட்ட பட்டம் வாங்கின ஒரு டத்தோ வரணும்லா. அப்பதான் பேப்பர்ல போடுவாங்க."

ஆ லோய் தன் இருட்டறையைச் சாயங்காலங்களில் அவளுக்கே விட்டுக்கொடுத்தார். கதவளவு பெரிய பிரிண்டுகள் கயிற்றில் தொங்கின. ஓய்வுபெற்றிருந்த துரைசிங்கம் வீட்டில் அட்டை வெட்டி, ரயில்வேயில் முப்பது வருஷம் எழுதிய அந்த அழகான கையெழுத்தில் ஒவ்வொரு படத்துக்கும் பெயர் எழுதினார்.

"இவர் ஆர் பிள்ளை?"

"சின்னையா. மேளம் அடிக்கிறவர்."

"இந்தப் பிள்ளை?"

"அது சதாசிவத்தின்ர மகள், மாரியம்மா. இப்ப நர்ஸ்."

"ஓ, அந்தச் சதாசிவமே?" என்பார் அவர், தனக்குத் தெரிந்தவர் போல. ஒரு மாதத்தில் ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் யார் யாருக்கு மச்சான் என்பது வரை அவருக்கு மனப்பாடம்.

கண்காட்சி நாள் வந்தது. சங்க மண்டபத்து வாசலில் சிவப்பு ரிப்பன், தட்டில் கத்தரிக்கோல், முன்வரிசையில் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள். மண்டபக் காவலாளி பத்துமலை சாவிக்கொத்தோடு நின்றார். காலையில் வந்தது பத்துப் பேர்கூட இருக்காது. அம்பிகை வாசலுக்கும் தெருவுக்குமாய் நடந்தாள். அப்போது தெரு முனையில் ஹாரன் அலறியது. சித்தியவானிலிருந்து ஒரு லோரி, அதன் முன்சீட்டில் தலைப்பாகையோடு மாயாண்டி. பின்னாலேயே காளியம்மாவின் தொழிற்சாலை பஸ், சீருடையோடு பெண்கள். பாகான் டத்தோவிலிருந்து ஒரு வேன். தஞ்சோங் ரம்புத்தான் பஸ் கண்டக்டர் பெண்சாதி பிள்ளைகளோடு. சற்று நேரத்தில் தெருவே அடைத்துக்கொண்டது.

டத்தோ மட்டும் வரவில்லை. வேறொரு விழாவில் மாட்டிக்கொண்டாராம். வெயில் ஏறியது. குழந்தைகள் அழ ஆரம்பித்தன. ரிப்பனுக்கு அந்தப் பக்கம் தங்கள் முகங்கள் சுவரில் தெரிவதைப் பார்த்துவிட்டுச் சனங்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"எம்புட்டு நேரம்லா இவங்கள வெயில்ல நிறுத்துறது?" என்றார் பத்துமலை.

அம்பிகை தட்டிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். கூட்டத்துக்குள் போய் ராக்காயியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

கார்த்திகேசு பதறினார். "அம்பிகை, டத்தோ வந்துக்கிட்டே இருக்காரு..."

"வரட்டும் சார். உள்ள எடம் இருக்கு."

ராக்காயி கத்தரிக்கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நானா? எனக்கு இதெல்லாம் பழக்கம் இல்லலா. மரம் வெட்டுற கத்தின்னா ஒரே இழுப்பு."

"வெட்டுங்க அக்கா."

"இருங்கோ, இருங்கோ!" என்று ஒரு குரல். துரைசிங்கம் மகளின் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு நாற்காலிமேல் ஏறி நின்றார். வாழ்க்கையில் அவர் எடுக்கும் முதல் படம். "இப்ப வெட்டுங்கோ!"

ராக்காயி வெட்டினாள். கைதட்டலில் எதிர்க் கடைச் சீனர்களெல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள்.

உள்ளே போனவர்கள் சத்தத்தை அம்பிகை சாகும்வரை மறக்கமாட்டாள். "ஐயோ, இது நம்ம லயம்லா!" "தம்பி, இங்க பாரு, உன் அப்பா!" மாயாண்டி கதவளவு தன் படத்துக்கு முன்னால் மீசையை முறுக்கிக்கொண்டு நின்று, வருகிறவர்களையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். மங்களம் வேறொரு வருஷத்துத் திருவிழாப் படத்தின் ஓரத்தில் செத்துப்போன தன் புருஷனைக் கண்டுபிடித்தாள். விறகு சுமந்துகொண்டு திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மங்களம் அழவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு, "பாருங்க, உங்கப்பா பல்லு எவ்வளவு வரிசைன்னு," என்றாள். ஆ லோய் மூலையில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம், "நான் கழுவின பிலிம்," என்று மலாயில் சொல்லிக்கொண்டிருந்தார்.

டத்தோ வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது ரிப்பன் இல்லை. வாசலில் வரிசைதான் இருந்தது. நல்ல மனிதர், பேசாமல் வரிசையில் நின்றார். ராக்காயி அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு படமாகக் காட்டினாள். "இது பெரட்டுக் களம், விடியக்கால இங்கதான் பேர் கூப்புடுவாங்க. இது நானு. நெத்தியப் பாருங்க." அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டே நடந்தார்.

மாலையில் மண்டபத்து ஆபீஸ் அறையில் கார்த்திகேசு டெலிபோனில் கோலாலம்பூரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அம்பிகை வாசலில் நின்று அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க, கால் பக்கம் பத்தாது. முழுப் பக்கம் வேணும்... டத்தோவா? வந்தாரு, பின்னால வந்தாரு. ரிப்பன் வெட்டினது அவரு இல்ல. ராக்காயி... பட்டம் ஒன்னும் கிடையாதுங்க. ஓட்டல்ல துணி துவைக்கிறாங்க. எழுதிக்குங்க. ரா, க், கா, யி. பேர்ல தப்பு வந்துச்சுன்னா நான் பொல்லாதவனாயிருவேன்!"

செவ்வாய்க்கிழமை பத்திரிகையில் முழுப் பக்கம் வந்தது. அம்பிகையின் ஒன்பது படங்கள், நடுவில் பெரிதாக ராக்காயி ரிப்பன் வெட்டும் படம். அதன் ஓரத்தில் துரைசிங்கத்தின் கட்டைவிரல் நிழல் விழுந்திருந்தது. 'படம்: துரைசிங்கம்' என்று கீழே போட்டிருந்ததை அவர் ஈப்போ முழுவதும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

ஒரு நாள் என்று எடுத்த மண்டபம் ஒரு வாரம் திறந்திருந்தது. அந்த வருஷமே தைப்பிங், தெலுக் இந்தான், சுங்கை சிப்புட் என்று படங்கள் லோரி ஏறின. போகும் இடமெல்லாம் மாயாண்டி கூடவே வந்தார். தெலுக் இந்தானில் ஒரு பெண் அம்பிகையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வார ஞாயித்துக்கெழம எங்க தோட்டத்துல கல்யாணம். ஆத்துக்கு அந்தப் பக்கம், படகுலதான் வரணும். வாரியாக்கா?"

"வாரேன்," என்றாள் அம்பிகை. "நேரத்தோட வந்துடுறேன். சமையல் ஆரம்பிக்கிறதுல இருந்து எடுக்கணும்."